மனோரமா: திரைவாழ்வின் முக்கியக் கட்டங்கள்

மனோரமா (மே 26, 1937 – அக்டோபர் 10, 2015) தமிழ் நாடக, திரைப்பட நடிகை, பாடகி. இயற்பெயர் கோபிசாந்தா. 'ஆச்சி' என்ற அடைமொழியால் பரவலாக அறியப்பட்டவர். 1958 ஆம் ஆண்டு வெளிவந்த மாலையிட்ட மங்கை படத்தில் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் நகைச்சுவை வேடங்களிலும் குணச்சித்திர வேடங்களிலும் தொடர்ந்து நடித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்று கின்னஸ் சாதனை நூலில் இடம்பெற்றார்.

தமிழ்த் திரையுலகில் ஒரு நடிகையின் காலம் பெரும்பாலும் அவர் கதாநாயகியாக இருந்த ஆண்டுகளை வைத்தே கணக்கிடப்பட்டது. மனோரமாவின் வாழ்க்கை அந்தக் கணக்குக்கு வெளியே அமைந்தது. அவர் கதாநாயகியாக நிலைபெறவில்லை. ஆனால் அவர் காலத்துக் கதாநாயகிகள் பலர் திரையை விட்டு விலகிய பின்னரும் ஒவ்வொரு தலைமுறைப் படத்திலும் அவருக்கு இடம் இருந்தது. அந்த இடம் எப்படி உருவானது என்பதை அவருடைய நாடகப் பயிற்சி, நகைச்சுவை இணைகள், வட்டார வழக்கு, பின்னாளைய தாய் வேடங்கள் ஆகியவற்றின் வழியே புரிந்துகொள்ளலாம்.

பிறப்பு, இளமை

மனோரமா அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த மன்னார்குடியில் பிறந்தார். தந்தை காசி கிளாக்குடையார். தாய் ராமாமிர்தம். தந்தை மறுமணம் செய்துகொண்டதால் தாய் குழந்தையுடன் ஊரை விட்டு வெளியேறி, காரைக்குடிக்கு அருகில் உள்ள பள்ளத்தூரில் குடியேறினார். வறுமை காரணமாக மனோரமா பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டு வேலைக்குச் சென்றார்.

செட்டிநாட்டுப் பகுதியில் அக்காலத்தில் திருவிழாக்களை ஒட்டி நாடகங்கள் தொடர்ந்து நடந்தன. சிறு வயதிலேயே நன்றாகப் பாடும் திறன் பெற்றிருந்த மனோரமாவுக்கு மேடை வாய்ப்பு பாட்டின் வழியாகவே வந்தது. ஊருக்கு வந்த நாடகக் குழுக்களில் பாடவும் நடிக்கவும் தொடங்கி 'பள்ளத்தூர் பாப்பா' என்று அறியப்பட்டார். கோபிசாந்தா என்ற பெயர் மனோரமா என்று மாறியதும் நாடக மேடையில்தான்.

'ஆச்சி' என்பது நகரத்தார் வீடுகளில் மணமான பெண்களைக் குறிக்கும் மரியாதைச் சொல். மனோரமா அச்சமூகத்தில் பிறந்தவர் அல்லர். பள்ளத்தூரில் வளர்ந்ததனால் படிந்த செட்டிநாட்டுப் பேச்சின் சாயல் அவருக்கு அந்தப் பெயரைப் பெற்றுத் தந்தது. பின்னாளில் திரைப்பட விளம்பரங்களிலேயே 'ஆச்சி மனோரமா' என்று அச்சிடும் அளவுக்கு அப்பெயர் நிலைத்தது.

நாடக மேடை

மனோரமாவின் நடிப்புக்கு அடித்தளம் நாடகம். அன்றைய நாடக நடிகர் தன் குரலை எடுத்துப் பேசிக் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கச் செய்ய வேண்டும். பாட வேண்டும். எதிரில் நடிப்பவர் வசனத்தை மறந்தால் காட்சி அறுபடாமல் பேச்சைத் தொடுத்துக்கொண்டு போக வேண்டும். கூட்டம் சிரித்தால் அச்சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தை நிறுத்திவைக்க வேண்டும். இந்த நான்கு பயிற்சிகளும் பின்னர் அவருடைய திரை நடிப்பில் தெளிவாகத் தெரிந்தன.

எஸ். எஸ். ராஜேந்திரன் நடத்திய நாடகக் குழுவில் சேர்ந்தது அவருடைய மேடை வாழ்க்கையில் திருப்பமாக அமைந்தது. அங்கு மு. கருணாநிதி எழுதிய மணிமகுடம் உள்ளிட்ட நாடகங்களில் நடித்தார். திராவிட இயக்க நாடகங்கள் நீண்ட வசனங்களை நம்பியவை. அடுக்குத் தமிழை மூச்சு விடாமல், பொருள் கெடாமல் பேசுவது அவற்றில் நடிப்பதற்கான முதல் தகுதி. மனோரமா பிற்காலத்தில் கொச்சைத் தமிழின் நடிகையாகவே நினைவுகூரப்பட்டாலும், அவர் முதலில் தேர்ச்சி பெற்றது இத்தகைய செந்தமிழ் வசனங்களில்தான்.

திரையுலக நுழைவு

கவிஞர் கண்ணதாசன் தயாரித்து, ஜி. ஆர். நாதன் இயக்கிய மாலையிட்ட மங்கை 1958 இல் வெளிவந்தது. டி. ஆர். மகாலிங்கம் கதாநாயகன். இப்படத்தில் மனோரமாவுக்கு நகைச்சுவை வேடம் அளிக்கப்பட்டது. மேடையில் கதாநாயகியாக நடித்துவந்த அவருக்கு அந்த வேடத்தை ஏற்கத் தயக்கம் இருந்தது. கதாநாயகியாக வருபவர்கள் சில ஆண்டுகளில் மறக்கப்படுவார்கள், நகைச்சுவை நடிகைக்கு நீண்ட காலம் வாய்ப்பு இருக்கும் என்று கண்ணதாசன் தன்னை ஏற்கச் செய்ததாக மனோரமா பின்னாளில் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1963 இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த கொஞ்சும் குமரி படத்தில் மனோரமா கதாநாயகியாக நடித்தார். ஆர். எஸ். மனோகர் அவருக்கு இணையாக நடித்தார். ஆனால் அந்தப் பாதை தொடரவில்லை. மனோரமா மீண்டும் நகைச்சுவை வேடங்களுக்கே திரும்பினார்.

இந்தத் திருப்பத்தைத் தோல்வியாக மட்டும் பார்க்க முடியாது. அன்றைய படங்களில் கதாநாயகியின் வேடம் பெரும்பாலும் அழகு, காதல், கண்ணீர் ஆகிய மூன்றுக்குள் அடங்கியது. நகைச்சுவை நடிகைக்குப் படத்தில் நேரம் குறைவு. ஆனால் கோபம், பேராசை, சூழ்ச்சி, அசட்டுத்தனம், வாயாடித்தனம் என்று கதாநாயகிக்குத் தரப்படாத குணங்கள் அவருக்குக் கிடைத்தன. மனோரமாவின் பிற்கால வளர்ச்சிக்கு வேண்டிய பயிற்சி அவ்வேடங்களில் கிடைத்தது.

1964 இல் நாடகத் துறையைச் சேர்ந்த எஸ். எம். ராமநாதனை மணந்தார். இருவரும் 1966 இல் பிரிந்தனர். இவர்களுக்கு ஒரு மகன். தாயையும் மகனையும் காக்கும் பொறுப்பு மனோரமாவுடையதாயிற்று. பின்னர் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

நகைச்சுவை இணைகள்

மனோரமாவுக்கு முன்னர் தமிழ்த் திரையில் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகைகள் இருந்தனர். என். எஸ். கிருஷ்ணனுடன் டி. ஏ. மதுரம், காளி என். ரத்னத்துடன் சி. டி. ராஜகாந்தம், கே. ஏ. தங்கவேலுவுடன் எம். சரோஜா ஆகியோர் நடித்தனர். இவர்கள் வாழ்க்கையிலும் இணையராக இருந்தவர்கள். அதனால் நடிகையின் வாய்ப்புகள் பெருமளவு அவருடைய இணை நடிகரின் வாய்ப்புகளோடு பிணைந்திருந்தன. அவர் விலகினாலோ மறைந்தாலோ நடிகையின் திரைவாழ்வும் சுருங்கிவிடும்.

மனோரமா இந்த முறையை மாற்றினார். அவருக்கு நிலையான இணை இல்லை. நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என ஒவ்வொரு காலத்திலும் முன்னணியில் இருந்த நகைச்சுவை நடிகர்களுடன் சேர்ந்து நடித்தார். நகைச்சுவை நடிகர்கள் மாறினர், மனோரமா தொடர்ந்தார்.

நாகேஷுடன் அமைந்த இணை இவற்றில் முதன்மையானது. ஏவி. எம். தயாரிப்பில் ஏ. சி. திருலோகசந்தர் இயக்கிய அன்பே வா (1966), கே. பாலசந்தர் இயக்கிய அனுபவி ராஜா அனுபவி (1967) ஆகியவை இந்த இணைக்கு நல்ல எடுத்துக்காட்டுகள். நாகேஷின் நகைச்சுவை உடலின் வேகத்தில் பிறப்பது. கை, கால், முகம் மூன்றும் ஒரே நேரத்தில் இயங்கும். மனோரமாவின் நகைச்சுவை பேச்சின் இழுவையில் பிறப்பது. நாகேஷின் ஓட்டத்துக்கு எதிரே மனோரமா நின்று நிதானமாகப் பேசும்போது இருவருடைய நடிப்பும் எடுபட்டது. சோவுடன் நடித்த படங்களில் நிலைமை வேறு. சோ அசையாத முகத்துடன் குத்தலாகப் பேசுபவர். அங்கு வேகத்தைக் கூட்டும் பொறுப்பு மனோரமாவிடம் வந்தது. எதிரில் நடிப்பவரின் முறைக்கு ஏற்பத் தன் முறையை மாற்றிக்கொள்ளும் இத்திறனே அவர் யாருடனும் இணைந்து நடிக்கக் காரணம்.

ஜில் ஜில் ரமாமணி

மனோரமாவின் வேடங்களில் மிகவும் புகழ்பெற்றது தில்லானா மோகனாம்பாள் (1968) படத்தில் வரும் ஜில் ஜில் ரமாமணி. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் திரைப்படமாக்கினார். நாதஸ்வரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி கணேசனும், நாட்டியக் கலைஞர் மோகனாம்பாளாகப் பத்மினியும் நடித்தனர். டி. எஸ். பாலையா, நாகேஷ் போன்ற வலுவான நடிகர்கள் நிறைந்த படம் இது.

ஜில் ஜில் ரமாமணி ஊர் ஊராகச் சென்று நடிக்கும் நாடகக்காரி. நாதஸ்வரமும் பரதமும் மதிப்புப் பெற்ற கலைகள். அவற்றோடு ஒப்பிடும்போது ரமாமணியின் கலை சமூகத்தின் பார்வையில் கீழ்ப்படியில் இருப்பது. அதை அவளும் அறிவாள். ஆயினும் தன் தொழிலைப் பற்றி அவளுக்கு வெட்கம் இல்லை. பெரிய கலைஞரை வியக்கிறாள், தன் ஆட்டத்தையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள், காதலர்களுக்குத் தன்னால் ஆன உதவியைச் செய்கிறாள். அவளைப் பார்த்துச் சிரிக்கும் பார்வையாளர் சற்று நேரத்தில் அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறார்.

இந்த வேடத்தின் வெற்றிக்கு மனோரமாவின் சொந்த அனுபவமும் ஒரு காரணம். செட்டிநாட்டு மேடைகளில் பாடி ஆடித் தொழில் கற்றவர் அவர். நாடகக்காரியின் அலங்காரம், கொஞ்சல் பேச்சு, ஆண்களிடம் காட்டும் எச்சரிக்கை கலந்த சிரிப்பு ஆகியவை அவருக்கு அறிமுகமானவை. அவற்றைக் கேலிப்பொருளாக்காமல், உழைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணின் இயல்பாகக் காட்டினார். படத்தில் அவர் வரும் நேரம் சிறிது. ஆனால் சிவாஜி கணேசனுக்கு எதிரே நின்று காட்சியைத் தன் பக்கம் இழுத்த நடிகை என்ற பெயரை அது அவருக்கு அளித்தது.

வட்டார வழக்கும் பாட்டும்

தமிழ்த் திரையில் வட்டார வழக்குகளை மனோரமா அளவுக்குப் பயன்படுத்திய நடிகைகள் குறைவு. பொம்மலாட்டம் (1968) படத்தில் சென்னைத் தமிழ் பேசும் பெண்ணாக நடித்தார். அதே வழக்கில் அவர் தம் சொந்தக் குரலில் பாடிய பாடலும் அப்படத்தில் இடம்பெற்றது. வி. குமார் இசையமைத்த அந்தப் பாடல் இன்றும் கேட்கப்படுகிறது. அனுபவி ராஜா அனுபவியில் தூத்துக்குடிப் பகுதிப் பேச்சு. சின்ன கவுண்டர் (1992) படத்தில் கொங்கு வழக்கு.

வட்டார வழக்கை நடிகர்கள் பொதுவாகச் சில சொற்களை மாற்றிப் போட்டு உருவாக்குவார்கள். மனோரமாவின் முறை அதனின்று வேறுபட்டது. ஒவ்வொரு வட்டாரத்திலும் வாக்கியம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது, எந்த எழுத்து நீள்கிறது, வியப்பும் சலிப்பும் எந்த ஒலியில் வெளிப்படுகின்றன என்பதை அவர் பிடித்தார். அதனால் சொற்கள் பொதுத்தமிழாக இருக்கும் இடத்திலும் அந்த ஊர்ப்பெண்ணின் குரல் கேட்கும். இசை அறிவு இதற்கு உதவியது. பேச்சின் ராகத்தைச் செவியால் பிடிப்பது பாடகருக்கு எளிது.

பின்னணிப் பாடகர்கள் பாடுவதும் நடிகர்கள் வாயசைப்பதும் உறுதியான வழக்கமாகிவிட்ட காலத்திலும் மனோரமா தொடர்ந்து பாடினார். அறுபதுகளில் வி. குமாரின் இசையில் பாடியவர், பாட்டி சொல்லைத் தட்டாதே (1988) படத்தில் சந்திரபோஸ் இசையிலும், மே மாதம் (1994) படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையிலும் பாடினார்.

குணச்சித்திர வேடங்கள்

எண்பதுகளில் மனோரமாவின் திரைவாழ்க்கை இரண்டாம் கட்டத்தை அடைந்தது. ஐம்பது வயதை நெருங்கியபோது அவர் நகைச்சுவை நடிகரின் இணை என்ற நிலையிலிருந்து கதையின் போக்கைத் தீர்மானிக்கும் பாத்திரங்களுக்கு நகர்ந்தார்.

விசு எழுதி இயக்கிய சம்சாரம் அது மின்சாரம் (1986) இதில் முக்கியமான படம். நடுத்தரக் குடும்பத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் கண்ணம்மா என்ற பெண்ணாக மனோரமா நடித்தார். தந்தைக்கும் மகனுக்கும் ஏற்பட்ட பணத் தகராறில் வீடு இரண்டாகப் பிரிகிறது. உறவினர்கள் பேசத் தயங்குவதை வேலைக்காரி பேசுகிறாள். அக்குடும்பத்தின்மீது சட்டப்படி எந்த உரிமையும் இல்லாத ஒருத்திக்குத்தான் அங்கே எல்லாரையும் கேள்வி கேட்கும் துணிவு இருக்கிறது. இளமையில் வீட்டு வேலை செய்த மனோரமா, கண்ணம்மாவைப் பணிவின் உருவமாகக் காட்டாமல் தன்மானம் உள்ள பெண்ணாகக் காட்டினார்.

கே. பாலசந்தரின் உன்னால் முடியும் தம்பி (1988) படத்தில் அண்ணி வேடமும், பாட்டி சொல்லைத் தட்டாதே படத்தில் தலைப்புக்குரிய பாட்டி வேடமும் ஏற்றார். ஒரு முதிய பெண்ணின் பாத்திரத்தைத் தலைப்பாகக் கொண்ட வணிகப்படம் அமைந்தது அவருக்கு இருந்த மக்கள் செல்வாக்கைக் காட்டுகிறது. அபூர்வ சகோதரர்கள் (1989) படத்தில் கமல்ஹாசனின் வளர்ப்புத் தாயாகவும், மைக்கேல் மதன காமராஜன் (1990) படத்தில் ஏமாற்றிப் பிழைக்கும் கங்காபாயாகவும் நடித்தார்.

பார்த்திபன் இயக்குநராக அறிமுகமான புதிய பாதை (1989) படத்தில் நடித்ததற்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். துணை நடிகைக்கான தேசிய விருது என்ற பிரிவே 1984 ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலாக வழங்கப்பட்டது. அதாவது மனோரமா நடிக்க வந்து முதல் இருபத்தைந்து ஆண்டுகளில், ஜில் ஜில் ரமாமணி உள்பட அவருடைய எந்தத் துணை வேடத்துக்கும் அத்தகைய தேசிய விருது பெறும் வழி இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் தாய்

தொண்ணூறுகளில் மனோரமா பெரும்பாலும் தாயாகவும் பாட்டியாகவும் நடித்தார். பி. வாசு இயக்கிய நடிகன் (1990) இதற்கு விலக்கு. மணமாகாமல் நடுவயதைக் கடந்த பேபி அம்மா, முதியவர் வேடமிட்டு வரும் இளைஞனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். காலம் கடந்த காதலைத் தமிழ்ப்படங்கள் வழக்கமாகக் கொச்சையான சிரிப்பாக மாற்றும். இப்படமும் சிரிப்புப் படமே. ஆனால் மனோரமா வெட்கப்படும் இடங்களில் ஒரு பெண்ணின் நீண்ட தனிமை தெரிகிறது.

சின்ன தம்பி (1991) படத்தில் பிரபுவின் தாயாக, கைம்பெண்ணாக நடித்தார். மகன்மீது உள்ள சினத்தால் தாயைப் பலர் முன்னிலையில் அவமானப்படுத்தும் காட்சி படத்தின் உச்சம். அண்ணாமலை (1992) படத்தில் ரஜினிகாந்தின் தாயாகவும், ஆர். வி. உதயகுமார் இயக்கிய சின்ன கவுண்டர் படத்தில் விஜயகாந்தின் தாயாகவும் நடித்தார். சின்ன கவுண்டரில் முன்துருத்திய பற்களுடன் தோன்றினார். தோற்றத்தை மாற்றிக்கொள்வதில் அவருக்குத் தயக்கம் இருந்ததில்லை.

ஷங்கர் இயக்கிய இந்தியன் (1996) படத்தில் அவர் ஏற்ற குப்பம்மா வேடம் சிறியது. கணவனை இழந்து, அரசு தர வேண்டிய இழப்பீட்டுத் தொகைக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் ஏழைப் பெண் அவள். ஒவ்வொரு மேசையிலும் கையூட்டுக் கேட்கிறார்கள். ஊழலை எதிர்க்கும் பெரிய கதைக்குப் பார்வையாளர் மனத்தில் நியாயத்தை ஏற்படுத்தும் வேலை அவர் வரும் சில காட்சிகளுக்கு உண்டு.

2000-க்குப் பிறகு சிம்புதேவன் இயக்கிய இம்சை அரசன் 23ஆம் புலிகேசி (2006) படத்தில் ராஜமாதாவாகவும், சிங்கம் (2010) படத்தில் பாட்டியாகவும் நடித்தார்.

பிறமொழிப் படங்கள்

மனோரமா தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி ஆகிய மொழிகளிலும் நடித்தார். இந்தியில் நகைச்சுவை நடிகர் மெஹ்மூத் இயக்கிய குன்வாரா பாப் (1974) படத்தில் நடித்தார். தெலுங்கில் அவருடைய பிற்கால வேடங்களில் அருந்ததி (2009) படத்தின் சந்திரம்மா குறிப்பிடத்தக்கது.

ஐந்து முதலமைச்சர்களுடன்

பின்னாளில் முதலமைச்சரான ஐந்து பேருடன் பணியாற்றியவர் மனோரமா. சி. என். அண்ணாதுரை, மு. கருணாநிதி ஆகியோருடன் நாடக மேடையில் நடித்தார். எம். ஜி. ராமச்சந்திரனுடன் அன்பே வா போன்ற படங்களிலும், ஜெ. ஜெயலலிதா கதாநாயகியாக நடித்த பொம்மலாட்டம் போன்ற படங்களிலும் நடித்தார். ஆந்திரப் பிரதேச முதலமைச்சராக இருந்த என். டி. ராமராவுடன் தெலுங்குப் படங்களில் நடித்தார். இச்செய்தி தனிச்சிறப்பாக அடிக்கடி கூறப்படுகிறது. நாடகமும் திரையும் அரசியலும் ஒரே வட்டத்துக்குள் இயங்கிய ஒரு காலகட்டத்தின் சான்றாகவும் இதைக் கொள்ளலாம்.

ஆயிரம் படங்கள் எப்படி?

ஒருவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடிப்பது எப்படி இயலும் என்ற கேள்வி மாணவர்களுக்கு எழக்கூடும். இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, நகைச்சுவைப் பகுதி தயாரிக்கப்பட்ட முறை. பல படங்களில் நகைச்சுவை என்பது முதன்மைக் கதையிலிருந்து விலகிய தனிக்கிளையாக எழுதப்பட்டது. அதற்கெனச் சில நாட்களை ஒதுக்கித் தனியே படமாக்குவார்கள். கதாநாயகி பல வாரங்கள் ஒரு படத்துக்குக் கால்ஷீட் தரவேண்டிய நிலையில், நகைச்சுவை நடிகையின் பணி சில நாட்களில் முடிந்துவிடும்.

இரண்டாவது, சென்னை ஸ்டுடியோக்களின் அமைப்பு. கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் படப்பிடிப்புத் தளங்கள் அருகருகே இருந்தன. தமிழ்ப் படங்களுடன் பிற தென்னிந்திய மொழிப் படங்களும் அங்கேயே தயாராயின. ஒரே நாளில் வெவ்வேறு படங்களின் படப்பிடிப்பில் கலந்துகொள்வது நடைமுறையில் இருந்தது.

மூன்றாவது, நடிகையின் ஆயத்தம். வசனத்தை விரைவாக மனப்பாடம் செய்து, ஒத்திகை அதிகம் இல்லாமல் நடித்து முடிக்கும் பழக்கம் மனோரமாவுக்கு நாடகத்தில் கிடைத்தது. பிலிம் சுருள் விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், முதல் முறையிலேயே சரியாக நடிக்கும் கலைஞரைத் தயாரிப்பாளர்கள் விரும்பினர்.

இந்த எண்ணிக்கைக்கு மறுபக்கமும் உண்டு. ஆயிரம் வேடங்களில் பல ஒன்றைப்போல் ஒன்று இருந்தன. சண்டைக்காரி மனைவி, பேராசைக்கார மாமியார், அழும் தாய் என்ற அச்சுகளில் அவர் திரும்பத் திரும்ப நிறுத்தப்பட்டார். பெண்ணின் உருவத்தையும் வயதையும் கேலி செய்யும் வசனங்களை அவர் பேசவும் கேட்கவும் நேர்ந்த படங்கள் பல. நல்ல வேடங்களுக்கு மட்டும் காத்திருக்கும் வசதி குடும்பச் சுமை உள்ள ஒரு நடிகைக்கு இருக்கவில்லை. ஆயிரம் என்ற எண் சாதனையைச் சொல்வது போலவே உழைப்பின் அளவையும் சொல்கிறது.

விருதுகள்

• தமிழக அரசின் கலைமாமணி விருது
• சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது – புதிய பாதை (1989)
• தென்னிந்திய ஃபிலிம்ஃபேர் வாழ்நாள் சாதனையாளர் விருது (1995)
• பத்மஸ்ரீ (2002)

மறைவு

கடைசி ஆண்டுகளில் உடல்நலக் குறைவால் மனோரமா நடிப்பைக் குறைத்துக்கொண்டார். அக்டோபர் 10, 2015 அன்று இரவு சென்னையில் தம் 78 ஆம் வயதில் காலமானார். அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா நேரில் அஞ்சலி செலுத்தினார். திரைத்துறையினரும் பொதுமக்களும் பெருந்திரளாக இறுதி மரியாதை செலுத்தினர்.

மதிப்பீடு

நகைச்சுவையில் ஆண்களைப் பட்டியலிடும்போது தலைமுறைதோறும் பல பெயர்களைச் சொல்ல முடிகிறது. பெண்களில் அவ்வாறு நீண்ட காலம் நின்ற பெயர் மனோரமா. அவருடைய சமகாலத்தில் சச்சு, பின்னர் கோவை சரளா போன்றோர் நகைச்சுவையில் தனி இடம் பெற்றனர். நகைச்சுவை நடிகை ஒருவர் ஆண் இணையின் புகழை நம்பாமல் தம் பெயரால் அறியப்பட முடியும் என்பதை அவர்களுக்கு முன் நிலைநாட்டியவர் மனோரமா.

அவருடைய நடிப்பின் தனித்தன்மை சிரிப்பும் துயரமும் ஒன்றுக்கொன்று தூரத்தில் இல்லை என்று காட்டியதில் உள்ளது. ஜில் ஜில் ரமாமணி, கண்ணம்மா, பேபி அம்மா, குப்பம்மா ஆகிய நால்வரும் சமூகத்தில் குரல் குறைந்த பெண்கள். நாடகக்காரி, வேலைக்காரி, மணமாகாதவள், ஏழைக் கைம்பெண். இத்தகைய பெண்களுக்குத் தமிழ்ப்படங்கள் கதையின் ஓரத்தில்தான் இடம் கொடுத்தன. அந்த ஓரத்தில் நின்றபடியே அவர்களைப் பேச வைத்தார் மனோரமா. நடிப்பைப் பயில்பவர்கள் இந்த நான்கு வேடங்களையும் காலவரிசையில் பார்த்தால், ஒரு நடிகை தம் வயதையும் குரலையும் அனுபவத்தையும் எவ்வாறு தொழிலுக்கான கருவிகளாக மாற்றிக்கொண்டார் என்பதை அறியலாம்.